சென்னை – சிங்கப்பூர்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

போன இதழில் ஒரு வாசகர், "சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம், விமானத்தில் எத்தனை மணி நேரம்?" என்று கேட்டிருந்தார். இடம் குறைவாக இருந்ததால், "2,920 கி.மீ., சுமார் நாலே கால் மணி நேரம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அந்த ஒரு வரி போதவில்லை என்பது இந்த மாதம் வந்த கடிதங்களைப் பார்த்தால் தெரிகிறது. அதிலும் பாதிக் கடிதம், அம்மாவையோ அப்பாவையோ முதல் தடவையாக விமானம் ஏற்றிவிடப் போகிற பிள்ளைகள் எழுதியது. அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் இந்த ஒரு பயணத்துக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். அம்மா முதன்முறையாக இங்கே வருகிறார். டிக்கெட்டில் சென்னையில் இரவு 11.15-க்குக் கிளம்பி காலை 5.55-க்கு வந்து சேரும் என்று இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் 6 மணி 40 நிமிடம். திரும்பும் டிக்கெட்டில் இரவு 8 மணிக்குக் கிளம்பி 9.45-க்கே சென்னை. அது ஒன்றே முக்கால் மணி நேரம்தான். நீங்கள் நாலே கால் என்கிறீர்கள். எதை நம்புவது?
– மன்னார்குடியைச் சேர்ந்த வாசகர்

பதில்: டிக்கெட்டும் சரி, நாலே காலும் சரி. டிக்கெட்டில் அச்சாகிற நேரம் எப்போதுமே அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். கிளம்பும் நேரம் சென்னைக் கடிகாரப்படி, சேரும் நேரம் சிங்கப்பூர்க் கடிகாரப்படி. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஆகவே காலை 5.55 என்பது நம் ஊரில் 3.25. இரவு 11.15-லிருந்து 3.25 வரை எண்ணுங்கள், 4 மணி 10 நிமிடம். திரும்பும்போது சிங்கப்பூர் இரவு 8 மணி என்றால் இங்கே மாலை 5.30. அதிலிருந்து 9.45 வரை 4 மணி 15 நிமிடம்.

நேர வித்தியாசமே தெரியாவிட்டாலும் கணக்குப் போட ஒரு வழி இருக்கிறது. போகும் டிக்கெட்டில் தெரிகிற நேரத்தையும் திரும்பும் டிக்கெட்டில் தெரிகிற நேரத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். 6.40-ம் 1.45-ம் சேர்ந்தால் 8 மணி 25 நிமிடம், பாதி 4 மணி 12 நிமிடம். ஒரு பக்கம் கூடிய இரண்டரை மணி நேரம் மறுபக்கம் அப்படியே குறைந்துவிடுவதால் கணக்குச் சரியாகிவிடுகிறது. நேரடி விமானத்தில் போய்த் திரும்புகிற எந்த இரண்டு ஊருக்கும் இது பொருந்தும், ஆனால் போகும்போதும் வரும்போதும் நேரம் வெகுவாக மாறுகிற நீண்ட பயணங்களில் சராசரிதான் கிடைக்கும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. என் அம்மா முதன்முறையாகத் தங்கையைப் பார்க்கச் சிங்கப்பூர் போனபோது, டிக்கெட்டில் இருந்த சேரும் நேரத்தை இந்திய நேரம் என்று நினைத்து அதோடு இன்னொரு இரண்டரை மணி நேரத்தைக் கூட்டித் தங்கையிடம் சொல்லிவிட்டேன். அம்மா வெளியே வந்து நின்றபோது யாரும் இல்லை. கையில் போன் கிடையாது, பெட்டியை விட்டு நகரவும் பயம். அங்கே துப்புரவு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு தமிழ்ப் பெண்மணிதான், "யாருக்கும்மா காத்திருக்கீங்க?" என்று கேட்டுத் தன் போனிலிருந்து தங்கைக்குப் பேசவைத்திருக்கிறார். அந்தப் பெண்மணியின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. இன்றைக்கும் அம்மா அவரை நினைத்துக்கொள்வார். எனவே அம்மாவின் கைப்பையில் ஒரு காகிதத்தில் உங்கள் போன் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள், கூடவே "சிங்கப்பூர் நேரம் 5.55, நம் ஊர் நேரம் 3.25" என்று இரண்டையும் எழுதிவிடுங்கள்.

கேள்வி: ஒரு இடத்தில் 2,900 என்று இருக்கிறது, இன்னொரு இடத்தில் 1,815, வேறொன்றில் 1,577. எது சரியான தூரம்?
– திருவண்ணாமலை வாசகி

பதில்: எல்லாம் ஒரே தூரம்தான், அளவுகோல்தான் வேறு. 2,920 கிலோமீட்டர் என்பது 1,815 மைல். கப்பல்காரர்களும் விமானிகளும் பயன்படுத்துகிற கடல் மைலில் அதுவே சுமார் 1,577. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

2,900 என்றும் 2,920 என்றும் சிறிய வேறுபாடு வருவதற்குக் காரணம், சிலர் ஊரின் நடுப்புள்ளியிலிருந்தும் சிலர் விமான நிலையத்திலிருந்தும் அளப்பது. நான் சொன்னது மீனம்பாக்கத்திலிருந்து சாங்கி வரை, பூமி உருண்டையின் மேல் ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் வருகிற குறுகிய தூரம்.

இதே வாசகி இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: விமானம் மணிக்கு 830 கி.மீ. வேகத்தில் போகும் என்றால் 2,920 கி.மீ.-க்கு மூன்றரை மணி நேரம்தானே ஆக வேண்டும், மீதி முக்கால் மணி நேரம் எங்கே போகிறது? நல்ல கேள்வி. டிக்கெட்டில் இருப்பது வானத்தில் பறக்கிற நேரம் மட்டும் இல்லை. சென்னையில் விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர ஆரம்பித்ததிலிருந்து சாங்கியில் போய் நிறுத்தப்படுகிற வரைக்கும் உள்ள நேரம். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முன்னால் இருக்கிற விமானங்கள் கிளம்பக் காத்திருப்பது, ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவாக இருப்பது, இறங்கும் முன் வரிசைக்காகச் சுற்றுவது எல்லாம் அதில் அடக்கம். அதற்கு மேலும் நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதலாகவே நேரம் போட்டுவைக்கின்றன. குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் சேர்ந்துவிட்டால் அது 'நேரத்துக்கு வந்த விமானம்' என்று கணக்கில் ஏறும் என்பதால் அந்தக் கூடுதல் அவர்களுக்குக் கை கொடுக்கிறது. சில நாள் விமானம் அரைமணி தாமதமாகக் கிளம்பியும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்வது இதனால்தான்.

கேள்வி: சிங்கப்பூர் நமக்குக் கிழக்கே இருப்பது புரிகிறது. அதற்காக இரண்டரை மணி நேரமா முன்னால் இருக்கும்? வரைபடத்தில் அவ்வளவு தள்ளித் தெரியவில்லையே.
– காரைக்குடி வாசகர்

பதில்: உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. சென்னை ஏறக்குறைய 80 பாகைத் தீர்க்கரேகையில், சிங்கப்பூர் 104-ல். நடுவில் 24 பாகை. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்பது பூமி சுழலும் கணக்கு, ஆக 96 நிமிடம். சூரியனை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டு ஊருக்கும் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். மிச்சம் ஒரு மணி நேரம் அரசாங்கங்கள் எடுத்த முடிவால் வந்தது.

நம் பக்கம் மாற்றம் சிறியது. ஒரு காலத்தில் நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வுக் கூடத்தைக் கொண்டு கணித்த 'மெட்ராஸ் நேரம்' என்று ஒன்று இருந்தது, கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முன்னால். இந்திய ரயில்களே அந்த நேரத்தில்தான் ஓடின. 1906 ஜனவரி 1-லிருந்து நாட்டுக்கெல்லாம் ஐந்தரை மணி என்று ஆனபோது நமக்கு ஒன்பது நிமிடம் கூடியது, அவ்வளவுதான்.

சிங்கப்பூர் கதை நீளம். அதன் இயல்பான இடம் கிரீன்விச்சைவிட ஏழு மணி நேரம் முன்னால். ஜப்பானியர் பிடித்துவைத்திருந்த 1942–45 காலத்தில் டோக்கியோ நேரத்தையே அங்கே திணித்தார்கள், ஒன்பது மணி நேரம். போருக்குப் பின், ஜப்பானியர் வருவதற்கு முன்பே அங்கே நடைமுறையில் இருந்த ஏழரைக்குத் திரும்பியது. பிறகு மலேசியா தன் மேற்குப் பகுதியையும் போர்னியோப் பகுதியையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவர முடிவு செய்து எட்டு மணிக்கு மாறியபோது, தினமும் எல்லை தாண்டிப் போய்வருகிற ஊராயிற்றே என்று சிங்கப்பூரும் சேர்ந்து மாறிக்கொண்டது. அது 1982 ஜனவரி 1. அதற்கு முன்பு சிங்கப்பூர் போனவர்கள் "ரெண்டு மணி நேரம்தான் வித்தியாசம்" என்று சொன்னால் அவர்கள் மறந்துபோய்ச் சொல்லவில்லை, அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

இதனால் அங்கே வருடம் முழுக்கக் காலை ஏழு மணியை ஒட்டித்தான் விடியும், மாலை ஏழு மணியை ஒட்டித்தான் இருட்டும். ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்துப் பழகிய அம்மாக்கள் அங்கே போய், "இன்னும் விடியவே இல்லையே, கடிகாரம் தப்பா ஓடுதா?" என்று கேட்டால் விளக்கிச் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் தஞ்சாவூர். வயது இருவருக்கும் எழுபதுக்கு மேல். சிங்கப்பூர் தெற்கே இருக்கிறது, திருச்சியும் தெற்கே இருக்கிறது, ஆகவே சென்னையைவிடத் திருச்சியிலிருந்து தூரம் குறைவு என்பது என் கணக்கு. சென்னையிலிருந்து டிக்கெட் நாலாயிரம் ரூபாய் குறைவு, அதையே எடுக்கலாம் என்கிறான் பையன். யார் சொல்வது சரி?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: ஐயா, வானத்துத் தூரத்தில் உங்கள் கணக்கு தவறு. சிங்கப்பூர் தெற்கே இருப்பதைவிடக் கிழக்கே இருப்பதுதான் அதிகம். திருச்சி சென்னைக்குத் தெற்கே மட்டும் இல்லை, ஒன்றரைப் பாகை மேற்கேயும் இருக்கிறது. அதனால் திருச்சி – சிங்கப்பூர் சுமார் 2,980 கி.மீ., சென்னையைவிட 60 கி.மீ. அதிகம். மதுரை இன்னும் தள்ளி, 3,010 கி.மீ. அளவுக்கு வரும். ஆனால் அறுபது கிலோமீட்டர் என்பது விமானத்துக்கு நாலைந்து நிமிடம்.

முடிவில் மட்டும் நீங்கள் சொல்வதுதான் சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள். தஞ்சாவூரிலிருந்து திருச்சி விமான நிலையம் 60 கி.மீ.-க்குள், காரில் ஒன்றேகால் மணி நேரம் வையுங்கள். வெளிநாட்டு விமானம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னால் போக வேண்டும். அப்புறம் விமானம் நாலே கால். மொத்தம் எட்டரை மணி நேரம். சென்னை வழியாக என்றால் ரயிலிலோ காரிலோ ஆறு ஏழு மணி நேரம் பயணம், ரயில் தாமதமாகிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் முன்கூட்டியே கிளம்புவதால் அங்கே போய்க் காத்திருக்கிற ஒன்றிரண்டு மணி நேரம், அதற்குமேல் அந்த மூன்று மணி நேரம், விமானம் நாலே கால். பதினைந்து பதினாறு மணி நேரம் ஆகிவிடும். எழுபது வயதில் ஒரு இரவுப் பயணத்துக்கு முன்னால் இன்னொரு பகல் பயணம் தேவையா? உங்கள் பையனிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். ரயில் டிக்கெட், டாக்ஸி, வழியில் சாப்பாடு, ஒருவேளை லாட்ஜில் தங்க நேர்ந்தால் அது எல்லாம் சேர்த்தால் அந்த நாலாயிரத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

திருச்சியில் ஒரே ஒரு குறை, ஒரு நாளைக்கு உள்ள விமானங்கள் சென்னையைவிடக் குறைவு. ஒன்று ரத்தானால் அடுத்ததுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். அதற்காகத் திருமணம், பூசை போன்ற குறிப்பிட்ட நாளுக்குப் போகிறவர்கள் ஒரு நாள் முன்னதாகவே கிளம்புவது நல்லது.

கேள்வி: ஜூலையில் சிங்கப்பூர் போனபோது போக ஆன நேரத்தைவிடத் திரும்ப இருபது நிமிடம் குறைவாக ஆனது. காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுவதால் கிழக்கே போகும்போதுதான் வேகம் என்று படித்திருக்கிறேன். தலைகீழாக இருக்கிறதே?
– கோயம்புத்தூர் கல்லூரி மாணவி

பதில்: இந்த மாதக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நீங்கள் படித்தது டில்லி, லண்டன், நியூயார்க் போன்ற வடக்கு ஊர்களுக்குச் சரி. அங்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிற காற்று பலமானது, அதனால்தான் சென்னையிலிருந்து லண்டன் போகும்போது திரும்பி வருவதைவிட அதிக நேரம் பிடிக்கிறது. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் தலைக்கு மேலே நடப்பது வேறு.

கோடையில் திபெத் பீடபூமி சூடாகி அதன் மேலுள்ள காற்றும் சூடாகிறது. வடக்கே வெப்பம், தெற்கே கடல் பக்கம் அதைவிடக் குளிர்ச்சி என்று வழக்கத்துக்கு நேர்மாறாக ஆகிவிடுவதால், தென்னிந்தியாவின் மேல் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெரிய காற்று ஓட்டம் உண்டாகிறது. கீழே தென்மேற்குப் பருவக்காற்று ஒரு பக்கம் வீச, மேலே இது அதற்கு எதிர்ப்பக்கம் ஓடும். 'வெப்பமண்டலக் கிழக்கு ஜெட்' என்று இதற்குப் பெயர். இதைத் தெளிவாக எடுத்துக்காட்டி 1958-ல் கட்டுரை எழுதியவர் பி. கோட்டேஸ்வரம், பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைமை இயக்குநராக இருந்தவர். இந்த ஓட்டம் பலமாக இருக்கிற இடங்களில் ஒன்று கிட்டத்தட்ட சென்னையின் அட்சரேகைதான். 14, 15 கி.மீ. உயரத்தில் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும். விமானம் பறக்கிற 11, 12 கி.மீ. உயரத்தில் அதைவிடக் குறைவுதான், சிங்கப்பூரை நெருங்க நெருங்க இன்னும் தணிந்துவிடும், ஆனாலும் கணக்கில் வராமல் போகாது.

ஒரு உதாரணத்துக்கு, வழி முழுவதும் சராசரியாக மணிக்கு 40 கி.மீ. எதிர்க்காற்று என்று வையுங்கள். 830 கி.மீ. வேகம் தரையளவில் 790 ஆகிவிடும், 2,920 கி.மீ. கடக்க 3 மணி 42 நிமிடம். திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளினால் வேகம் 870, நேரம் 3 மணி 21 நிமிடம். வித்தியாசம் 21 நிமிடம். உங்கள் இருபது நிமிடம் அநேகமாக இங்கிருந்துதான் வந்திருக்கும். விமானத்துக்குள் எதிர் இருக்கையில் வரைபடம் தெரிந்தால் அதில் 'தரை வேகம்' என்று ஒரு எண் ஓடும். போகும்போதும் வரும்போதும் அதைக் குறித்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள், காற்றை நீங்களே அளந்தது போல இருக்கும்.

கேள்வி: என் தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து மலாயா போனவர். கப்பல் போன வழியும் இன்று விமானம் போகிற வழியும் ஒன்றா?
– நாகப்பட்டினம் வாசகர்

பதில்: ஏறக்குறைய ஒன்றுதான். இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

மீனம்பாக்கத்துக்கும் சாங்கிக்கும் நடுவே உருண்டையில் நூல் பிடித்தால், அந்த நூல் முதலில் வங்காள விரிகுடாவின் மேல் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் நிலமே இல்லாமல் போகும். பிறகு கிரேட் நிக்கோபார் தீவின் தென்முனை, அதாவது இந்தியாவின் கடைசி நிலமான இந்திரா முனை, அதற்குச் சில பத்துக் கிலோமீட்டர் தெற்கே கடக்கும். அடுத்து சுமத்ராவின் வடமுனையான அச்சே. அங்கிருந்து மலாக்கா நீரிணையை ஒட்டியே இறங்கிச் சிங்கப்பூர். விமானங்களுக்கு வானத்தில் குறித்துவைத்த வழித்தடங்கள் இருப்பதால் நிஜத்தில் கொஞ்சம் வடக்கே தள்ளிப் போவதும் உண்டு, ஆனால் திசை இதுதான். உங்கள் தாத்தாவின் கப்பலும் நிக்கோபாருக்கும் சுமத்ராவுக்கும் இடையே உள்ள வாயில் வழியாகத்தான் நீரிணைக்குள் நுழைந்திருக்கும்.

இன்னும் பின்னால் போனால் ராஜேந்திர சோழன். 1025-ஐ ஒட்டி நடந்த அவனுடைய கடற்படையெடுப்பில் வென்ற ஊர்களை அவன் மெய்க்கீர்த்தி வரிசையாகச் சொல்கிறது. அதில் மாநக்கவாரம் வருகிறது, அதுதான் நிக்கோபார். இலாமுரிதேசம் வருகிறது, அது அச்சேப் பகுதி. கடாரம் வருகிறது, இன்றைய மலேசியாவின் கெடா. ஜன்னலோர இருக்கை கிடைத்துப் பகல் விமானமாகவும் இருந்து மேகமும் விலகிக்கொடுத்தால், அந்த மெய்க்கீர்த்தியின் சில வரிகளை நீங்கள் மேலிருந்தே பார்த்துவிடலாம். இடப்பக்க ஜன்னலில் நிக்கோபார், வலப்பக்கம் சுமத்ரா.

ரஜூலா 1926-ல் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஒரு வாரத்துக்கும் மேல் போகும். டெக்கில் பாயை விரித்துப் படுத்தே போனவர்கள் ஆயிரக்கணக்கானோர். 1973-ல் அது நின்றது. அதற்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது, 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தார்கள். அத்தோடு சென்னை – சிங்கப்பூர் பயணிக் கப்பல் முடிந்துபோனது. உங்கள் தாத்தாவின் பாஸ்போர்ட்டோ பயணச் சீட்டோ வீட்டில் இருந்தால் தயவுசெய்து பழைய காகிதத்தோடு போட்டுவிடாதீர்கள். ஒரு படம் எடுத்து எங்களுக்கும் அனுப்புங்கள்.

கேள்வி: கோலாலம்பூரில் மாறிப் போகிற டிக்கெட் மலிவாக இருக்கிறது. கொழும்பு வழியாகவும் இருக்கிறது. சுற்றுவழிதானே, எவ்வளவு கூடுதல் தூரம்?
– சென்னை, அம்பத்தூர் வாசகர்

பதில்: கோலாலம்பூர் சுற்றுவழியே இல்லை! சென்னை – கோலாலம்பூர் 2,630 கி.மீ., அங்கிருந்து சிங்கப்பூர் 300 கி.மீ. இரண்டும் சேர்ந்து 2,930. நேரடித் தூரத்தைவிடப் பத்து கிலோமீட்டர்தான் அதிகம், வழியில் இருக்கிற ஊர் அது. கொழும்பு வழியாக என்றால் 650-ம் 2,750-ம் சேர்ந்து 3,400 கி.மீ., நிஜமாகவே சுற்று.

ஆனால் தூரம் கூடாததால் நேரமும் கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். கோலாலம்பூரில் இறங்கி, அடுத்த விமானத்துக்குக் காத்திருந்து, மறுபடி ஏறி இறங்க குறைந்தது மூன்று நான்கு மணி நேரம் கூடும், இடைவெளி பெரிதாக இருந்தால் அதற்கு மேலும் ஆகும். இரண்டும் ஒரே டிக்கெட்டா, தனித்தனி டிக்கெட்டா என்பதை முதலில் பாருங்கள். தனித்தனி என்றால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் பணம் போனது போனதுதான், பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டிவரும், அதற்கு மலேசியாவுக்குள் நுழைகிற அனுமதியும் தேவைப்படும். இளைஞர்கள் தனியாகப் போனால் சரி, மலிவாகப் போய்வரட்டும். மொழி தெரியாத, முதல் தடவை போகிற பெரியவர்களை மட்டும் நேரடி விமானத்தில் அனுப்புங்கள். இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன்.

கேள்வி: ஐம்பது வருடத்துக்கு முன்பும் ஜெட் விமானம் இதே வேகம்தானாமே. ஏன் இன்னும் இரண்டு மணி நேரத்தில் போக முடியவில்லை?
– சேலம் வாசகர்

பதில்: முடிந்திருக்கிறது, நிலைக்கவில்லை. கான்கார்டு 1977 டிசம்பரில் லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்குப் பறக்க ஆரம்பித்தது. மணிக்கு 2,100 கி.மீ.-க்கும் மேல் வேகம். ஒலியைவிட வேகமாகப் போனால் தரையில் இடி இடித்தது போல அதிர்வு கேட்கும் என்பதால் இந்தியா தன் நிலத்தின் மேல் அந்த வேகத்தில் பறக்க அனுமதிக்கவில்லை. மலேசியாவும் எதிர்ப்புத் தெரிவித்ததில் சேவை சில நாளிலேயே நின்று, 1979-ல் மறுபடி தொடங்கி, 1980-ல் முடிந்துவிட்டது. வேகம் கூடக் கூட எரிபொருள் செலவு எகிறிவிடும், டிக்கெட் விலையைச் சாதாரணக் குடும்பம் நெருங்கவே முடியாது. நாலு மணி நேரப் பயணம் நாலு மணி நேரமாகவே இருந்து கட்டணம் குறைந்ததால்தான் மன்னார்குடி அம்மாவால் மகனைப் போய்ப் பார்க்க முடிகிறது.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். இரவு விமானம். சாங்கியில் இறங்கியதும் எவ்வளவு நேரத்தில் வெளியே வருவார் என்று நினைத்து நாங்கள் நிற்க வேண்டும்?
– புதுக்கோட்டையிலிருந்து மகள்

பதில்: முதலில் இன்சுலின். அது கண்டிப்பாகக் கைப்பையில் இருக்க வேண்டும். சரக்கில் போடும் பெட்டியில் வேண்டாம், அங்கே குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம், பெட்டி வராமல் போனாலும் ஆபத்து. மருத்துவர் சீட்டும், ஊசி எடுத்துப்போவதற்கான கடிதமும் ஆங்கிலத்தில் கூடவே இருக்கட்டும். இரண்டரை மணி நேர வித்தியாசத்துக்கு ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று கிளம்பும் முன் மருத்துவரிடமே கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாடு எந்த நேரத்தில் வரும் என்று நம்பி இருக்காமல் கையில் பிஸ்கட்டும் கொஞ்சம் சர்க்கரையும் வையுங்கள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோக அளவைப் பொறுத்து முன்அனுமதி வேண்டும், அதையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் நேரம். சேரும் நேரம் 5.55 என்றால் அது விமானம் நிற்கிற நேரம். அங்கிருந்து நடந்து, குடிநுழைவுச் சோதனை முடித்து, பெட்டி எடுத்து வெளியே வர முக்கால் மணி நேரம் என்று வையுங்கள், கூட்டமாக இருந்தால் ஒரு மணி நேரமும் ஆகும். சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவைத்தால் உதவிக்கு ஆள் கூடவே வருவார், நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், போய்ச் சேருகிற நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற தளமாக இருந்தால் அது அரசுத் தளம் இல்லை. விசா தனி, அது முன்னாலேயே கையில் இருக்க வேண்டும்.

நீங்கள் 5.55-க்கே போய் நின்றுவிடுங்கள். முக்கால் மணி நேரம் நீங்கள் காத்திருப்பது பரவாயில்லை, கதவு திறந்ததும் அப்பாவின் கண்ணுக்கு முதலில் நீங்கள் தெரிய வேண்டும்.